பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வாலிபர்கள் போவதா, பணத்தை அனுப்புவதா?

கேள்வி: எங்கள் சபை வாலிபர் குழு மிஷன் பயணமாகப் போய் ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கப் போகிறது. எங்களில் யாருக்கும் கட்டட வேலை தெரியாது. பயணச் செலவை அப்படியே அனுப்பிவிட்டால் அங்கேயே ஆள் வைத்துச் செய்துகொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் போவதில் பிரயோஜனம் உண்டா?

பதில்:

உண்டு. ஆனால் அங்கே யாருடைய சொல்லைக் கேட்டு வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது இருக்கிறது. நான் கட்டடப் பொறியியல் படித்தவள், அதே தொழிலில் இருப்பவள், வாலிபர் குழுவோடு இப்படிப் போய் மண் சுமந்தவள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

உங்கள் குழுவில் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள், யாரோ ஒருவர் பெயிண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பார், கடைசி நாளில் பிரதிஷ்டை ஜெபம் என்று நிகழ்ச்சி நிரலே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் போனது ஒரு பழைய மாணவர் விடுதிக்கு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த செங்கல் சுவர்கள். உள்ளே ஓதம் ஏறி, பெயிண்ட் பொரிந்து, உப்புப் பூத்துக் கிடந்தது. பிள்ளைகளின் கட்டில்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்கள், படுக்கை நனைந்துவிடுகிறது என்று. முன்பு எப்போதோ யாரோ நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் அந்தப் பூச்சையும் தாண்டி மேலே போயிருந்தது. எங்கள் திட்டம்: சுரண்டுவது, பட்டி பார்ப்பது, இரண்டு கோட் பெயிண்ட், அப்புறம் குழுப் படம்.

அந்த விடுதிக்கு நெடுங்காலமாகப் பழுது பார்த்துவந்த வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கரணை முனையால் ஓர் இடத்தில் கீறினார். அப்புறம் எதுவும் சொல்லாமல் வெளியே போய்க் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் பின்னாலேயே போனேன். வெளிப்புறம் செடி வைக்கக் கொட்டிய மண், உள்தரை மட்டத்தைவிட உயரமாகச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பாதியில் உடைந்து சுவரிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "பாப்பா, சுவர் தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குப் புதுச்சட்டை மாட்டி என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

அவர் சொன்னதை நான் படித்த படிப்பும் அப்படியே சொல்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வாங்கிய ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகக் காற்றில் விட்டுவிடும். அப்படித்தான் அது பல தலைமுறை நிற்கிறது. மேலே கெட்டியான சிமெண்டையோ காற்றுப் புகாத பெயிண்டையோ பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், இல்லையென்றால் பூச்சு முடிகிற இடம்வரை ஏறிப்போய் அங்கே வெளிவரும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பொடியாக உதிர்க்கும். வெளியில் பார்க்கச் சுவர் பளிச்சென்று இருக்கும், உள்ளே செங்கல் செத்துக்கொண்டிருக்கும். தண்ணீரை நிறுத்தாமல் அடிக்கிற பெயிண்ட் அந்தக் கட்டடத்துக்குக் கெடுதல்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர், எல்லாரையும் கூட்டிச் சேர்த்ததே அவர்தான். ஆனால் சபைக்குக் காட்ட முன்னும் பின்னுமாகப் படங்கள் வேண்டும் என்றார். நான் கொத்தனார் பக்கம் நின்றேன். போதகரும் கேட்டுவிட்டு, "ஐயா சொல்றபடியே செய்யுங்க" என்று முடித்துவிட்டார். அன்று மதியத்திலிருந்து நாங்கள் எல்லாரும் அந்தக் கொத்தனாருக்குச் சித்தாள்கள்.

மண்ணை வெட்டி அள்ளினோம். மண்வெட்டியே பிடித்திராத தம்பிகளின் கைகள் முதல் நாளிலேயே கொப்பளித்தன. வாய்க்கால் வெட்டித் தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி வாட்டம் பார்த்தோம். புதுக் குழாயைக் கொத்தனாரின் ஆட்கள் பொருத்தினார்கள். பழைய சிமெண்டைச் செங்கல் உடையாமல் கொத்தி எடுப்பதுதான் பெரிய வேலை. உளியை நேராகப் பிடித்தால் செங்கல் போய்விடும், சாய்த்து மெல்லத் தட்ட வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க அவர் காட்டிய பொறுமையை நான் எந்த ஆசிரியரிடமும் பார்த்ததில்லை. சுவர் ஓரளவு காய்ந்த பகுதியில் மட்டும் அவரும் அவருடைய ஆட்களும் சுண்ணாம்புப் பூச்சு பூசினார்கள். நாங்கள் மணல் சலித்தோம், சாந்து குழைத்தோம், பூசிய இடம் சட்டென்று உலர்ந்து வெடிக்காமல் ஈரச்சாக்கு கட்டினோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த முடியாது.

கிளம்பும்போது பாதிச் சுவர் செங்கல் தெரியத்தான் நின்றது. சபையில் படம் போட்டதும், "இவ்வளவு செலவு பண்ணி இதையா செஞ்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது வலித்தது. அடுத்த மழைக்காலம் கழிந்து விடுதிக் காப்பாளர் அக்கா போன் செய்தார். சுவர் காய்ந்துவிட்டது, கொத்தனார் மீதிப் பூச்சையும் முடித்துவிட்டார், பெரிய பிள்ளைகளே வெள்ளையடித்துவிட்டார்கள், கட்டில்களைச் சுவரோடு சேர்த்துப் போட்டுவிட்டோம் என்றார். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இப்போது "பணத்தை அனுப்பலாமே" என்பவர்களுக்கு. உங்கள் கணக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. பயணச் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தத் தொகைக்கு அங்கே இருக்கிற கைத்தேர்ந்தவர்கள் எங்களைவிட அதிக வேலை செய்வார்கள். அதனால்தான் அவர்களுடைய கூலி பயணத் திட்டத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்கிறேன். இலவசமாக வேலை செய்கிறோம் என்று போய் இன்னொருவர் பிழைப்பைக் கெடுப்பது ஊழியம் ஆகாது.

"மிஷன் என்றால் சுவிசேஷம், சுவர் அல்ல" என்று சொல்பவர்கள் வேதாகமத்தில் நெகேமியா மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டியவர்களில் தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார், சல்லூம் என்பவருடைய குமாரத்திகளும் இருக்கிறார்கள். 52 நாளில் முடித்தார்கள். ஆனால் அதே அதிகாரத்தில் பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள் என்றும் இருக்கிறது. அந்தச் சுவரோடு வாழப்போகிறவர்கள் அவர்கள்தான். வெளியிலிருந்து போகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

1938இல் ஜார்ஜ் மெக்லியாட் என்ற போதகர் ஸ்காட்லாந்தின் அயோனா தீவில், இடிந்து கிடந்த பழைய மடத்துக் கட்டடங்களை எடுத்துக் கட்டத் தொடங்கினார். வேலையில்லாமல் இருந்த கைவினைஞர்களையும் போதகப் பணிக்குத் தயாராகிவந்த இளைஞர்களையும் சேர்த்து அழைத்துப் போனார். தொழில் தெரிந்தவர்கள் கட்ட, போதகராகப் போகிறவர்கள் கையாள் வேலை செய்தார்கள். 1965இல்தான் முடிந்தது. 1984இல் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு நியூயார்க்கில் ஒரு சிதைந்த ஆறுமாடிக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் தொண்டர்களோடு பேருந்தில் போய், ஒரு சபைக் கட்டடத்தில் தங்கி வேலை செய்தார்கள். அது 19 குடும்பங்களுக்கான கட்டடம். வீடு பெறும் குடும்பமும் உழைக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. மாதிரி வேண்டுமென்றால் இவற்றைப் பாருங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சொந்தச் சபையில் கட்டடக் கமிட்டி என்று ஒன்று உண்டு. கூரை ஒழுகுவது பற்றி அதில் பேசுபவர்களில் கட்டட வேலை தெரிந்தவர் எவருமில்லை. இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கிற என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மிஷன் பயணங்களிலும் பெண் பிள்ளைகளைச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, தம்பிகளிடம் மட்டும் கரணையைக் கொடுக்கிறார்கள். சல்லூமின் மகள்களை யாரும் சமையலுக்கு அனுப்பவில்லை. உங்கள் குழுவில் இருக்கிற தங்கைகளுக்காவது உளியைக் கொடுங்கள்.

சரி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. கட்டடம் சுண்ணாம்பா சிமெண்டா என்று இப்போதே அங்கே கேளுங்கள். மழை பெய்யும்போது எங்கே ஒழுகுகிறது, எங்கே தேங்குகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய எண்ணெய் பெயிண்டை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயப் பெயிண்டை 1978இல் தடை செய்ததே அதனால்தான். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் வாலிபர்கள் யாரும் அதை உடைக்கவோ அறுக்கவோ துளைபோடவோ கூடாது, முறையாகப் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு வேலைக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டால் அந்த நிமிடமே தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

பெயிண்ட் தருவதாகச் சொன்ன அந்த நல்ல மனிதரிடம் போய், அந்தப் பணத்தைக் கொத்தனார் கூலிக்கும் மழைநீர்க் குழாய்க்கும் தர முடியுமா என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.