ஊதச் சொல்வதற்கு முன் சூப்பர்வைசருக்கு என்ன தெரிய வேண்டும்?

கேள்வி: மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ரீச் ஸ்டாக்கர் (கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி), டிரெய்லர் ஓட்டுபவர்களுக்கு மது, போதைச் சோதனை தொடங்கப்போகிறோம். ஷிஃப்ட் சூப்பர்வைசர்களோ, "தினமும் நம்ம கூட டீ குடிக்கிறவரை எப்படி சார் ஊதச் சொல்றது?" என்று தயங்குகிறார்கள். என்ன பயிற்சி கொடுப்பது?

பதில்: அவர்கள் தயக்கம் நியாயமானது. குடித்திருக்கிறாரா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தங்கள் தலையில் விழுவதாக நினைக்கிறார்கள். பார்த்ததை எழுதுவது, ஆளை வண்டியிலிருந்து இறக்குவது, சோதனைக்கு அனுப்புவது, இவ்வளவுதான் அவர்கள் வேலை. பயிற்சியை இங்கிருந்து தொடங்குங்கள்.

எழுதப் பழக்குவதற்கே அதிக நேரம் கொடுங்கள். "போதையில் இருந்தார்" என்ற குறிப்பு விசாரணையில் நிற்காது. "காலை 6.20. வண்டியிலிருந்து இறங்கும்போது இரண்டு முறை கைப்பிடியைத் தவறவிட்டார். பேச்சு குழறியது. மது வாடை அடித்தது" என்று எழுதினால் நிற்கும். இன்னொரு சூப்பர்வைசரும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், தனியாக அழைத்துப் பேசுவதை நடித்தே பழகட்டும். ஒருவர் டிரைவராகக் கோபப்பட்டு மறுக்கட்டும். சூப்பர்வைசர்களும் ஊத வேண்டும் என்பது விதியில் இருந்தால் பாதி மனக்கசப்பு குறையும்.

இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது: சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கினாலும் வியர்க்கும், நாக்கு குழறும், கால் தள்ளாடும். பக்கவாதமும் தலையில் பட்ட அடியும்கூட அப்படித்தான் தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் முதலுதவி, 108. ஊதும் மிஷின் அப்புறம்.

மிஷினில் மது காட்டினால் 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். வாய் கொப்பளிக்கும் திரவத்தில் உள்ள ஆல்கஹால்கூட முதல் அளவை ஏற்றிவிடும். காலை ஷிஃப்டில் "நேத்து நைட் குடிச்சது சார்" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். இரவு 10 மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் 180 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் 60 இருக்கும். சாலையில் வாகனம் ஓட்டச் சட்டம் விட்டிருக்கும் வரம்பே 30தான்.

போதைப்பொருள் சோதனை வேறு கதை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிறுநீரில் பாசிட்டிவ் காட்டலாம். கஞ்சா பல நாள் கழித்தும் தெரியும். எனவே ஆய்வகம் உறுதிசெய்து, மருத்துவர் பார்க்கும்வரை முடிவு சூப்பர்வைசர் வாயிலிருந்து வரக் கூடாது.

அமெரிக்காவில் லாரித் துறைச் சூப்பர்வைசர்களுக்கு மதுவுக்கு 60 நிமிடம், போதைப்பொருளுக்கு 60 நிமிடம் பயிற்சி கட்டாயம். உங்களுக்கு நடிப்புப் பயிற்சியும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள்.

"விட முடியலை சார்" என்று யாராவது தானே வந்து சொன்னால் அதைத் தண்டனைக் கோப்பில் சேர்க்காதீர்கள். குடி, போதையிலிருந்து மீட்கும் அடையாறு டி.டி.கே. மருத்துவமனையின் விவரத்தையும், போதை மீட்புக்கான 14446 உதவி எண்ணையும் சூப்பர்வைசர்கள் கையில் வைத்திருக்கட்டும். சோதனையில் பிடிபட்டவரை எக்காரணம் கொண்டும் அவர் பைக்கிலேயே வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; சாவியை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.