16 மாதமாக நகராத ஐ-130

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் கணவர் எனக்காக ஐ-130 என்ற குடும்ப உறவு மனு போட்டு 16 மாதம் ஆகிறது. இணையத்தில் இன்னும் 'மனு பெறப்பட்டது' என்ற ஒரே வரிதான். எங்களுக்குப் பின்னால் போட்டவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. இதை வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: செய்யவே செய்யாதீர்கள். வாபஸ் வாங்கினால் கட்டிய பணம் திரும்பாது. 16 மாதமும் வீண். மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்பீர்கள். லாபம், இரண்டாம் முறை படிவம் நிரப்பக் கூலி வாங்கும் ஏஜென்டுக்கு மட்டும்.

பின்னால் போட்டவரோடு ஒப்பிட்டு மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தேதி வரிசைப்படியே எல்லாக் கோப்பும் எடுக்கப்படுவதில்லை. அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் ஐ-130க்கான கால அளவுப் பக்கம் இருக்கிறது. அதில் ரசீதுத் தேதியைக் கொடுத்தால், எந்த நாளுக்குப் பிறகு விசாரிக்கலாம் என்று சொல்லும். அதற்கு முன் கேட்டுப் பயனில்லை. அந்த நாள் தாண்டியிருந்தால் 'வழக்கமான காலத்தைக் கடந்துவிட்டது' என்ற விசாரணையை உங்கள் கணவர் பதிவு செய்யட்டும். மனுதாரர் அவர்தான், நீங்களல்ல. அச்சடித்த பதிலே வந்தால், தன் தொகுதியின் அமெரிக்கக் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினரின் அலுவலகத்தை அவர் அணுகலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, கேட்க முடியும். தூங்கும் கோப்பு சில சமயம் அதிலேயே விழிக்கும். முடிவெடுக்கும்படி நீதிமன்றம் மூலம் உத்தரவு கேட்கும் மாண்டமஸ் வழக்கு கடைசி வழி. செலவும் அதிகம்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டத்தில். மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே 325 டாலரும் 120 டாலரும் கட்டி, டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களை ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேர்காணல் வரிசையில் சேர்க்க மாட்டார்கள். நம் ஊர்த் தலைவலி இனிஷியல். திருமணச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் வெறும் 'பெண்'! பெயர் சேர்க்கும் வேலையை, பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் இன்றே தொடங்குங்கள். மண்டப ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் திருமணச் சான்றிதழ் ஆகாது. பதிவு அலுவலகச் சான்றிதழ்தான் வேண்டும். தமிழில் மட்டும் உள்ள தாளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும்.

உங்கள் கணவரின் பங்கு, உங்களைப் பராமரிப்பேன் என்று உறுதி தரும் ஐ-864 படிவம். வருமானம், குடும்ப அளவுக்கேற்ற அமெரிக்க வறுமைக்கோட்டு வரம்பில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைந்தால் கூட்டு ஸ்பான்சரை இப்போதே பேசி வையுங்கள். கடைசி நேரத்தில் வரிக் கணக்கைக் காட்ட எந்த மச்சானும் முன்வர மாட்டார்.

சிலவற்றில் அவசரமே தப்பு. போலீஸ் சான்றிதழ் இரண்டு ஆண்டு தாண்டினால் புதிதாகக் கேட்பார்கள். மருத்துவப் பரிசோதனை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே நேர்காணல் தேதி கைக்கு வந்தபின் அதைச் செய்துகொண்டால் போதும்.

உங்கள் திருமணத் தேதியை நீங்கள் எழுதவில்லை. திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் அமெரிக்காவில் நுழைந்தால், சிஆர்-1 பிரிவில் இரண்டு வருட நிபந்தனைக் கிரீன் கார்டுதான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட்டு, இன்னொரு காத்திருப்பைத் தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டு நிறைந்தபின் நுழைந்தால் ஐஆர்-1, பத்து வருடக் கார்டு. கணக்கில் வருவது விசா ஒட்டிய நாள் அல்ல, நுழையும் நாள். பாஸ்போர்ட்டில் சிஆர்-1 என்று இருந்து, நீங்கள் இறங்குவதற்குள் இரண்டு ஆண்டு முடிந்திருந்தால், விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழை நீட்டி ஐஆர்-1 ஆக மாற்றச் சொல்லுங்கள். அவராகக் கவனித்து மாற்றுவார் என்று இருந்துவிடாதீர்கள்.