நீல் கவ் ரெண்டாவது மனைவிக்காகப் போட்ட ஃபிடில் ட்யூனோட பின்னணி என்ன?

'நீல் கவ்ஸ் லமென்ட் ஃபார் த டெத் ஆஃப் ஹிஸ் செகண்ட் வைஃப்'னு பேர், இது ஒரு லமென்ட், அதாவது செத்தவங்களை நினைச்சு மெதுவா வாசிக்கிற ட்யூன், ஆட்டத்துக்கு இல்ல. நீல் கவ் ஸ்காட்லாந்துல டன்கெல்ட் பக்கத்துல இன்வர் ஊர்க்காரர், அத்தால் டியூக் ஆதரவுல ஆட்டத்துக்கு வாசிச்சே பேர் வாங்கினவர். ரெண்டாவது மனைவி மார்கரெட் அர்க்கார்ட் கூட முப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்தாரு, 1805-ல அவங்க போனப்போ மனுஷன் எழுபது தாண்டியாச்சு, அப்ப வந்ததுதான் இது.

ஆச்சரியம் என்னன்னா ட்யூன் மேஜர் ஸ்கேல்ல, அதாவது பெரும்பாலும் சந்தோஷமா கேக்குற ஸ்வர வரிசைல இருக்கு, வழக்கமா சோகத்துக்கு எடுக்கிற மைனர் இல்ல. எழவு வீட்டுல போனவங்க பண்ண குறும்பைச் சொல்லி அழுகைக்கு நடுவுல சிரிப்போம்ல, அப்படித்தான் கேக்கும். மெதுவா வாசிச்சாதான் அது புரியும், என்னைக் கேட்டா அவர் போட்டதுலயே பெஸ்ட் இதுதான்.

பாரம்பரிய ட்யூன்னா போட்டது யாருன்னே தெரியாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இதுக்கு போட்டவர் பேரே தலைப்புல இருக்கு.