எலிக்கு வாத்தியாரா ஒரு பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லேப்ல எலிக்கு லீவர் அமுக்கவும் கைநீட்டி இரை எடுக்கவும் மெஷினே கத்துக்கொடுக்குதாமே? ஒரு ஆள் உட்கார்ந்து கத்துக்கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?

எலிக்கு ஒண்ணும் குறையாது சார், கணக்குதான் கெட்டுப்போகும். நான் படிக்கிறப்போ கொஞ்ச நாள் இந்த வேலை பார்த்திருக்கேன். கண்ணாடிப் பெட்டி, அதுல ஒரு கீறல் மாதிரி இடைவெளி, வெளியில ஒரு சின்ன தட்டு, அதுமேல இடுக்கியால ஒரு உருண்டை தீனி வைக்கணும், எலி கையை நீட்டி எடுக்கணும், எடுத்துச்சா விட்டுச்சான்னு நான் நோட்டுல டிக் அடிக்கணும். ஒரு எலிக்கு அரை மணி நேரம், எட்டு எலின்னா அன்னைக்குப் பொழுது போச்சு. காலையில "பாதி வெற்றி"ன்னு எழுதினதை சாயங்காலம் அலுப்புல "தோல்வி"ன்னு எழுதியிருப்பேன், யாருக்குத் தெரியும். இதுல எலி ராத்திரி விழிச்சிருக்கிற ஜீவன் வேற, நம்ம டூட்டி டைம்தான் அதுக்கு நடுராத்திரி. தூக்கத்துல எழுப்பி பாடம் நடத்தினா நாம மட்டும் ஒழுங்கா படிப்போமா?

அதோட வாசனை ஒண்ணு இருக்கு. 2014ல நேச்சர் மெத்தட்ஸ்ங்கிற அறிவியல் பத்திரிகையில வந்த ஆய்வுல, ஆண்கள் பக்கத்துல இருந்தாலே, ஏன் அவங்க போட்டிருந்த டீ-ஷர்ட்டை பக்கத்துல வெச்சாலே எலிக்கு டென்ஷன் ஏறி வலியோட அளவே மாறுதுன்னு காட்டினாங்க. பெண்கள் இருந்தா அப்படி ஆகல. அதுக்கு முன்னாடி 1999ல சயன்ஸ் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, மூணு ஊர்ல மூணு லேப், மூணுலயும் அதே ரகச் சுண்டெலிங்க, ஒரே மாதிரி கருவி, முடிஞ்ச வரைக்கும் எல்லாத்தையும் ஒண்ணாக்கிப் பார்த்தும் சில டெஸ்ட்ல ரிசல்ட் லேபுக்கு லேப் வேறயா வந்துச்சு. ஆளை வெளியே எடுத்துட்டா இந்தக் கலப்படம் முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன், ஆனா ஒரு பெரிய பங்கு குறையும்.

கேள்வி: சரி, எலிக்குப் பேச்சு புரியாது. மெஷின் எங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும்?

எலி தானா என்ன பண்ணுதோ அங்கேர்ந்து. ஸ்கின்னர் 1930கள்லயே பெட்டியும் லீவரும் வெச்சு பண்ணின வேலைதான் இதுக்கு அடிப்படை. முதல்ல சத்தம் கேட்டா தண்ணி வரும்னு மட்டும் தெரியட்டும். அப்புறம் லீவர் பக்கம் வந்து தெரியாம தட்டினாலும் ஒரு சொட்டு. பழகினதும் ரெண்டு தடவை தட்டினாதான் சொட்டு. அப்புறம் ரெண்டு தட்டுக்கும் நடுவுல இவ்வளவு நேரம் விடணும்னு கொஞ்சம் கொஞ்சமா கயிறை இறுக்கணும், இதுக்கு ஷேப்பிங்னு பேரு. இந்த இறுக்குறதுலதான் மனுஷன் சொதப்புவான், ஒண்ணு அவசரப்படுவான் இல்ல பாவம் பார்ப்பான். கம்ப்யூட்டர் அந்த எலி கடைசியா பண்ணின தட்டுகளோட வெற்றிக் கணக்கைப் பார்த்து அதுக்குத் தக்க வரம்பை நகர்த்தும், பக்கத்து கூண்டு எலி எவ்வளவு தூரம் போயிடுச்சுன்னு ஒப்பிட்டுத் திட்டாது.

ஹார்வர்டுல நரம்பியல் ஆராய்ச்சியாளர் ஓல்வெட்ஸ்கியோட குழு 2013ல இப்படி ஒரு சிஸ்டத்தைப் பத்தி எழுதினாங்க, கூண்டே பள்ளிக்கூடம், பாடம் நடத்துறது முழுக்க கம்ப்யூட்டர். அவங்க பாடம் ரெண்டு தட்டு, நடுவுல 700 மில்லிசெகண்ட். 2015ல அதே குழு இதை வெச்சு ஒரு விஷயம் கண்டுபிடிச்சாங்க, எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரல. நல்லா கத்துக்கிட்ட எலிக்கு மூளையில அசைவைக் கட்டுப்படுத்துற பகுதியான மோட்டார் கார்டெக்ஸ்ல சேதம் பண்ணினாங்க, கொஞ்ச நாள் தேறினதும் வித்தை அப்படியே இருந்துச்சு! ஆனா கத்துக்கிறதுக்கு முன்னாடியே அந்த இடம் போயிருந்தா கடைசி வரைக்கும் கத்துக்கவே முடியல. இப்படி அடிச்சுச் சொல்லணும்னா எலிக்கு ஆயிரக்கணக்குல முயற்சி பதிவாகணும், கையால டிக் அடிச்சு அது நடக்கிற காரியமா?

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவி. எங்க லேப்ல ரோட்டராட்ல விழுற நேரம் மட்டும்தான் எடுக்கிறோம். அது போதாதா?

எதுக்குப் போதும்ங்கிறதைப் பொறுத்தது தங்கச்சி. சுத்துற உருளைமேல எலியை விட்டு, 4 சுற்றுல ஆரம்பிச்சு 5 நிமிஷத்துல நிமிஷத்துக்கு 40 சுற்றுக்கு ஏத்தி, எப்ப விழுதுன்னு பார்க்கிறது சுலபம், மருந்தால தள்ளாட்டம் வருதான்னு பார்க்க நல்ல டெஸ்ட்தான். ஆனா சில சுண்டெலிங்க நடக்கிறதை விட்டுட்டு உருளையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு சேர்ந்தே சுத்தும், டைமர் பாட்டுக்கு ஓடும், உங்க ஷீட்ல அது சாம்பியன். அந்த மாதிரி சுத்தலைத் தனியா குறிச்சு வைங்க.

எலிக்குப் பக்கவாதம் வரவெச்சுப் பார்க்கிற சோதனையில, ஒரே ஒரு எண்ணை நம்புறது இன்னும் மோசம். அடிபட்ட எலி சில வாரத்துல மறுபடியும் தீனியை எடுத்துடும், வெற்றி சதவீதமும் ஏறிடும், ஆனா விரலை விரிச்சு மணிக்கட்டைத் திருப்பி எடுக்காது, உடம்பையே சாய்ச்சு கையைத் தள்ளிவிட்டு வாரிக்கும். கை சரியாகல, எலி வேற வழி கண்டுபிடிச்சிருக்கு, அவ்வளவுதான். இதைப் பிடிக்க வீடியோ வேணும். 2018ல டீப்லேப்கட்னு, வீடியோவுல உடம்போட அசைவைத் தானா பின்தொடர்ற ஒரு மென்பொருள் வந்த பிறகு இது கைக்கெட்டுற விஷயம் ஆயிடுச்சு, உடம்புல மை, ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம், ஒரு 200 ஃப்ரேம் போல நீங்க புள்ளி வெச்சுக் கொடுத்தா மீதியை அதுவே குறிக்கும். ஆனா பாதம் கம்பிக்குப் பின்னாடி மறைஞ்சா அது வெட்கமில்லாம எங்கேயாவது ஒரு புள்ளி வெச்சுடும், புள்ளி சரியா இருக்கும்னு அதுவே கொடுக்கிற நம்பிக்கை அளவு கம்மியா இருக்கிற ஃப்ரேம்களை வடிகட்டிட்டு நாலு வீடியோவை கண்ணால பார்த்துடுங்க, ப்ளீஸ்.

கேள்வி: தண்ணிதான் பரிசுன்னு எலியைத் தாகத்துல வெச்சுப் பழக்குறது பாவம் இல்லையா?

கஷ்டமான கேள்விதான். பாவமே இல்லன்னு சொல்லி தப்பிச்சுக்க மாட்டேன். தண்ணியைக் கட்டுப்படுத்தினா தினமும் எடை பார்க்கணும், ஒரு வரம்புக்குக் கீழ போனா பாடம் நிறுத்திட்டு தண்ணி கொடுக்கணும், இதெல்லாம் நெறிமுறைக் குழு ஒப்புதல்லயே இருக்கும். மெஷின் இருந்தா எலியை தினம் தூக்கிப் பிடிக்கிற பயம் இல்லை, ராத்திரி அதுக்குத் தோணும்போது வந்து குடிக்கலாம், அந்த வகையில நல்லது. ஆபத்து என்னன்னா யாரும் பார்க்கமாட்டாங்க. ஒரு தடவை எங்களுக்கு தண்ணிச் சொட்டு விடுற ஒரு வால்வு அடைச்சுக்கிச்சு. எலி சரியாத்தான் தட்டியிருக்கு, ஸ்க்ரீன்லயும் "பரிசு கொடுத்தாச்சு"ன்னு வரிசையா வந்திருக்கு, ஒரு சொட்டு விழல. காலையில கிராஃப் பார்த்துட்டு எலி மறந்துடுச்சுன்னு பேசிக்கிட்டு இருந்தோம், எடை பார்த்ததுக்கு அப்புறம்தான் வயித்தைக் கலக்குச்சு. கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சது வால்வைத் திறந்தது மட்டும்தான், தண்ணி வந்துச்சாங்கிறது இல்ல. நாக்கு படுறதுக்கு ஒரு சென்சார், கூண்டுக்குள்ளேயே எடை பார்க்க ஒண்ணு, ரெண்டும் இல்லாம ராத்திரி ஓட்டாதீங்க.

கேள்வி: நாங்களே ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன விலை கம்மி கம்ப்யூட்டரை வெச்சு செஞ்சுக்கலாமா?

தாராளமா, நிறைய லேப்ல அப்படித்தான் ஓடுது. முதல் எலியை விடுறதுக்கு முன்னாடி வால்வை 100 தடவை திறந்து விழுந்த தண்ணியை எடை போடுங்க, 1 கிராம்னா சொட்டுக்கு 10 மைக்ரோலிட்டர். வாராவாரம் திரும்பப் பாருங்க.

கேள்வி: இதுல மனுஷனுக்கு என்ன லாபம்?

ஒரு உதாரணம் சொல்றேன். எலி ஒரு கைப்பிடியை இழுக்கணும், எவ்வளவு பலம்னு சென்சார் அளக்கும், நல்ல இழுப்பு வந்த அதே நொடியில கழுத்துல இருக்கிற வேகஸ் நரம்பைத் தூண்டணும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட டல்லாஸ் வளாகத்துல இப்படிப் பண்ணினப்போ பக்கவாதம் வந்த எலிங்களோட கை பயிற்சி மட்டும் எடுத்த எலிங்களை விட நல்லா தேறுச்சு. பிறகு 108 நோயாளிங்ககிட்ட சோதிச்சாங்க, 2021ல அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதலும் கொடுத்துச்சு. தூண்டல் நொடி பிசகாம வரணும், அதுக்குத்தான் மெஷின்.

கேள்வி: எலி மெஷினை ஏமாத்துமா?

ஏமாத்துதுன்னு சொல்லமுடியாது, நாம கேட்டதை மட்டும் கொடுக்கும். அந்த 700 மில்லிசெகண்ட் பாடத்துல எப்படித் தட்டணும்னு யாரும் சொல்லல, நேரம் மட்டும்தான் கணக்கு. அதனால ஒவ்வொரு எலியும் தனக்குன்னு ஒரு ஆட்டம் உருவாக்கிக்கிச்சு, அப்புறம் ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாம அதே ஆட்டம்தான், வீடியோவைப் பார்த்தே எது எந்த எலின்னு சொல்லிடலாம்.