24 சதவீதம் என்றால் எந்த 24?

கேள்வி: கொண்டலாம்பட்டியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 50,000 ரூபாய் தண்டல் எடுத்ததில் கைக்கு வந்தது 42,500. தினம் 500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 40 நாள் கட்டிவிட்டேன். தெரிந்தவரிடம் 3 வட்டிக்கு வாங்கிய 1 லட்சமும் நிற்கிறது. பி2பி தளத்தில், அதாவது வங்கி இல்லாமல் ஒருவர் பணத்தை இன்னொருவருக்குக் கடனாகச் சேர்த்துவிடும் இணையதளத்தில், 24 சதவீதத்துக்குக் கடன் தருகிறார்களாம். வாங்கி இரண்டையும் அடைத்துவிடலாமா?

பதில்: தண்டலை அடைக்க வாங்காதீர்கள். ஆண்டுக் கணக்கில் அது சுமார் 120 சதவீத வட்டி, உண்மைதான். ஆனால் 7,500 ரூபாயை முதல் நாளே பிடித்துக்கொண்டார்கள். இன்று முடிக்கப் போனாலும் மீதி 30,000-ஐ முழுதாகத்தான் கேட்பார்கள். அதற்குப் புதுக்கடன் வாங்கினால் வட்டிக்கு மேல் வட்டி. மீதி 60 நாளையும் கட்டி முடியுங்கள். நடுவில், “பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுசா தர்றேன்” என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்; தண்டல் வருடக்கணக்கில் தொடர்வது அப்படித்தான். மிரட்டல் வந்தால், 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் அடக்கம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

மாற்ற வேண்டியது 3 வட்டிக் கடனை. மாதம் 3,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது. ஆண்டுக்கு 36 சதவீதம். வீட்டில் நகை இருந்தால் முதலில் வங்கி அல்லது கூட்டுறவுச் சங்க நகைக்கடனைப் பாருங்கள். இல்லாவிட்டால்தான் பி2பி.

அங்கேயும் “24” என்றால் எந்த 24 என்று கேளுங்கள். கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால், 1 லட்சத்துக்கு 24 மாதம் கட்டும் மாதத் தவணை 5,287 ரூபாய். முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போட்டால் 6,167. அதன் உண்மை விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டும், உங்கள் 3 வட்டியே தேவலை. முதல் வகையிலும் 5,000 ரூபாய் கட்டணம் பிடித்தால் விகிதம் 29-க்கு மேல் போகும். எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தவணை 3,000-லிருந்து ஐயாயிரத்துக்கு மேல் ஏறுவதால், தண்டல் முடிந்த பிறகே இந்தக் கடனை எடுங்கள். அப்போது மாதம் 15,000 உங்கள் கையில் மிஞ்சும். தளத்தின் நிறுவனப் பெயர் ரிசர்வ் வங்கியின் பி2பி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். “முதலில் கட்டணம் அனுப்பு” என்றால் மோசடி. பழைய கடனை வங்கி வழியாகவே அடைத்து, புரோநோட்டையும், கையெழுத்துப் போட்ட காசோலை கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகு விற்ற பணம் 4 லட்சம் இருக்கிறது. பி2பி-யில் போட்டால் 12 சதவீதம் உறுதி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். 2017-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி தளம் எந்த உத்தரவாதமும் தரக் கூடாது. இப்படி உறுதி வருமானம் என்று விளம்பரம் செய்வதை 2024 ஆகஸ்ட் திருத்தம் இன்னும் கறாராகத் தடுக்கிறது. வாங்கியவர் கட்டாவிட்டால் நஷ்டம் முழுக்க உங்களுடையது.

ஒருவருக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய்தான் கொடுக்கலாம். அப்படி 8 பேருக்குக் கொடுத்து ஒருவர் கைவிரித்தால், மற்ற ஏழு பேரின் ஓராண்டு வட்டி 42,000 அந்த ஓட்டையை அடைக்காது. போட்டே தீர வேண்டுமென்றால் 5,000 வீதம் பலருக்குப் பிரியுங்கள். கடன் 36 மாதம் வரை ஓடலாம் என்பதால், அடுத்த பருவத்து உரத்துக்கும் பறிப்புக் கூலிக்கும் வேண்டிய பணத்தை முதலில் வங்கியில் ஒதுக்கிவிட்டு, மீதியில் போடுங்கள்.