பிக்சலில் இரும்பு

அன்புள்ள அண்ணா,

சம்மாந்துறை வயல்களை வைத்து ஒரு சின்ன கேம் செய்கிறேன். அதற்காக லேண்ட்மாஸ்டர் (கையால் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்றை 64க்கு 64 பிக்சலில் வரைந்தேன். 12 சாம்பல் நிறங்கள் பாவித்தும் இரும்பு மாதிரி வரவில்லை, பிளாஸ்டிக் சாமான் மாதிரி இருக்கிறது. எங்கே பிழை? படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், அக்கரைப்பற்று

அன்புள்ள தம்பி,

வடிவம் நன்றாக வந்திருக்கிறது. அந்த நீண்ட ஹேண்டிலைப் பார்த்த உடனேயே லேண்ட்மாஸ்டர் என்று தெரிந்துவிடுகிறது. பிழை அந்த 12 நிறங்களில்தான். இரும்புக்கென்று சொந்த நிறம் குறைவு, எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். அதனால் வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருட்டு வந்து நிற்கும். நீங்களோ ஒவ்வொரு பாகத்திலும் விளிம்பிலிருந்து நடுவுக்கு வெளிச்சத்தைப் படிப்படியாக ஏற்றியிருக்கிறீர்கள். அப்படி ஏற்றினால் எல்லாம் தலையணை மாதிரி உப்பித்தான் தெரியும்.

ஐந்து நிறம் போதும். இருண்டவற்றில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கட்டும், வெள்ளையில் துளி மஞ்சள்.

புகைக்குழாயை எடுத்துக்கொள்வோம். ஆறு பிக்சல் அகலம், வெயில் இடப்பக்க மேலிருந்து. இடமிருந்து வலமாக நடுத்தரம், வெளிச்சம், வெள்ளை, உடனே ஆக இருண்டது, அதைவிடச் சற்றுக் குறைந்த இருட்டு, கடைசியில் சேற்று நிறம் கலந்த நடுத்தரம். அந்தக் கடைசி வரிசையை விட்டுவிடாதீர்கள். நிலத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது, அதைப் போட்டதும் குழாய் உருண்டு நிற்கும்.

ஆனால் மெசின் முழுவதும் இப்படிப் பளபளக்கக் கூடாது. எஞ்சின் மூடி பெயின்ட் அடித்தது. அது மூன்று நிறத்தில் அடங்கட்டும், பெயின்ட் உரிந்த மூலையில் மட்டும் ஒரு பிக்சல் வெள்ளை. வயல் வட்டைக்குள் உழுதுவிட்டு வரம்பேறும் இரும்புச் சில்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள் தம்பி. சேற்றில் உரசி உரசித் தேய்ந்த பல்லுகள் மின்னும், கம்பிகள் ஒட்டியிருக்கும் மூலைகளில் துரு பிடித்திருக்கும். நீங்கள் துருவைச் சில்லு முழுக்கத் தூவியிருக்கிறீர்கள். ஈரம் தங்கும் இடத்தில்தான் துரு ஏறும். ஒரு போல்ட் என்றால் இரண்டுக்கு இரண்டு பிக்சல், இடது மேலே வெளிச்சம், வலது கீழே இருட்டு, அதன் அடியில் மூன்று பிக்சல் நீளத்தில் ஒரு துருக்கோடு. அவ்வளவே. இரண்டு நிறங்களைப் புள்ளி புள்ளியாக மாற்றி வைத்துக் கலக்கும் முறையைத் துருவுக்கும் சேற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான இரும்பை அது சொரசொரப்பாக்கிவிடும்.

மெசினைச் சுற்றி வரைந்திருக்கும் கறுப்புக் கோட்டை வெயில் படும் பக்கத்தில் வெளிறிய நிறமாக மாற்றுங்கள்.

இன்னொன்று, நீங்கள் அனுப்பியது ஜேபெக். அது பிக்சல்களின் ஓரத்தைக் கலங்கடித்து, நீங்கள் வைக்காத நிறங்களையும் சேர்த்துவிடும். திருத்தியதைப் பிஎன்ஜியாக, பெரிதாக்காமல் அப்படியே அனுப்புங்கள். சில்லை முதலில் பார்க்க ஆசை.