ஸ்டோரேஜ் பாதைகளில் சுமை தானாகப் பிரிவது: டர்பன், ஜோகன்னஸ்பர்க் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி): அண்ணா, லினக்ஸ் சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்கு (டிஸ்க்குகள் இருக்கும் தனிப் பெட்டிக்கு) நான்கு பாதைகள். ரவுண்ட் ராபின்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் காலையில் ஒரு பாதை மட்டும் திணறுகிறது. ஏன்?

பதில்: ரவுண்ட் ராபின் மாற்றி மாற்றி அனுப்பும், அவ்வளவுதான். எதிரே என்ன நிலைமை என்று பார்க்காது தம்பி. காவடி அன்று கோவிலில் அன்னதானம் நடக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள்: இரண்டு வரிசைக்கும் ஒருவர் மாற்றி ஒருவரை அனுப்பிக்கொண்டே இருந்தால், ஒரு வரிசையில் வீட்டுக்கு வாங்கிப்போகப் பெரிய வாளியோடு நாலு பேர் வந்து நிற்கும்போது அது அப்படியே தேங்கிவிடும். க்யூ லெங்த் என்ற முறை வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணும். சர்வீஸ் டைம் வாளி எவ்வளவு பெரியது என்றும் பார்க்கும். ராத்திரி பேக்அப் (அதுதான் பெரிய வாளி) காலை வரை இழுக்கிறது என்றால் சர்வீஸ் டைமுக்கு மாறுங்கள்.

இன்னொன்று. மல்டிபாத் கட்டளை காட்டும் பட்டியலில் சில பாதைகளுக்கு 50, சிலவற்றுக்கு 10 என்று முன்னுரிமை எண் இருக்கிறதா? 10 என்பது அந்த டிஸ்க்குக்குப் பொறுப்பான கன்ட்ரோலருக்கு (ஸ்டோரேஜ் பெட்டிக்குள் டிஸ்க்கை நிர்வகிக்கும் பகுதிக்கு) நேரே போகாத சுற்றுவழி. இரண்டையும் ஒரே குழுவில் போட்டிருந்தால் எந்த முறைக்கு மாறினாலும் திணறல் போகாது.

கேள்வி: விஎம்வேரில் (ஒரே சர்வரில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளில்) ரவுண்ட் ராபினுக்கு இருக்கும் 1000 என்ற எண்ணை 1 ஆக்கச் சொல்கிறார்களே?

பதில்: 1000 கோரிக்கைக்கு ஒரு தடவைதான் அது பாதை மாற்றும். பல ஸ்டோரேஜ் நிறுவனங்கள் 1 போதும் என்கின்றன. உங்கள் பெட்டியின் கையேடு சொல்கிறபடி வையுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா): லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும்) நேரத்தில் பாதை போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளுமே, பிறகு என்ன கவலை?

பதில்: அக்கா, தானாக எடுத்துக்கொள்வதுதான் கவலையே! 2023-இல் நாளுக்குப் பல தடவை கரண்ட் போனபோது நான் பார்த்த ஒரு கிடங்கில், கரண்ட் திரும்பிய பிறகும் ஒரு ஸ்விட்ச் (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் பெட்டி) எழவே இல்லை. சுமை முழுவதும் அடுத்த ஸ்விட்ச் வழியாக ஓடியது. வேலை நடந்ததால் மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் அந்த இரண்டாவது ஸ்விட்சின் யூபிஎஸ் பேட்டரி தீர்ந்தது, லாரிகள் வாசலில் நிற்க பில் போட முடியாமல் எல்லாம் நின்றது. பாதை விழுந்தால் யாருடைய போனுக்காவது செய்தி வரவேண்டும், இரண்டு ஸ்விட்சும் தனித்தனி யூபிஎஸ்ஸில் இருக்கவேண்டும். கரண்ட் வந்த உடனே பழைய பாதைக்குத் தாவவும் விடாதீர்கள். ஸ்விட்ச் விழுந்து விழுந்து எழும்போது சுமையும் அங்குமிங்கும் அலையும். ஃபெயில்பேக்கை (பழைய பாதைக்குத் திரும்புவதை) 60 நொடி தள்ளி வையுங்கள்.

கேள்வி (ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா): நொடிக்கு 16 ஜிகாபிட் போகும் போர்ட் இரண்டு இருந்தால் 32 என்று கணக்கு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். ஒன்று விழுந்தால் மீதி ஒன்று எல்லாவற்றையும் சுமக்கவேண்டும், அதனால் இரண்டும் சேர்ந்து 16-ஐத் தாண்டக்கூடாது. நெரிசல் நேரத்தில் ஒவ்வொன்றும் பாதிக்கு மேல் போகிறது என்றால், சுமை எவ்வளவு சமமாகப் பிரிந்திருந்தாலும் இப்போதே மூன்றாவது போர்ட்டுக்குப் பணம் கேளுங்கள்.